கல்சட்டியும் கடலைத் தயிரும்

ஸ்ரீரங்கம் உத்திர வீதி வீட்டில் பாட்டி படுக்கப்போகுமுன் கேட்கும் கடைசிக் கேள்வி, "தோய்ச்சு வெச்சாச்சா?" என்பதுதான். 1970களில் கறவைக்காரர் பசுவையே வாசலுக்கு ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுப்பார். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் கல்சட்டியில் விட்டு, ஒரு கரண்டி மோர் சேர்த்தால் வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்தில் உறைந்து, அசந்தால் புளித்தும்விடும். மார்கழியில் சட்டிக்குத் துணி சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கினால்தான் உண்டு.

எப்போதாவது உறைமோர் தீர்ந்துபோகும். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டில் மோர் கேட்கிற வழக்கம் இல்லை. பாட்டி நாலைந்து மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் பாலில் போடுவாள். காலையில் அரைகுறையாகத் திரண்டிருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுநாள் தோய்த்தால் கட்டித் தயிர்.

அந்த மிளகாய்க் காம்பை ஐம்பது வருஷம் கழித்து, திருவானைக்காவல் அடுக்ககம் ஒன்றில் மறுபடி பார்த்தேன். என் தங்கை மகள் பால் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவள் கணக்கில் உறைமோரும் பால்தான். ஆகவே காம்புதான் கதி. வேர்க்கடலையை ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, நைசாக அரைத்து, துணியில் பிழிந்து, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சுகிறாள். ஆறவிட்டு ஆறேழு காம்பு போடுகிறாள். முதல் ஈடு லேசாகக் கசந்தது. இரண்டாவது ஈடு, கரண்டி போட்டால் பிளந்து நிற்கும் தயிர்.

"இதுல என்ன அதிசயம், பெரியம்மா? இட்லி மாவு என்ன மாட்டுப் பால்லயா பொங்கறது?" என்றாள். பேச்சு நியாயம்தான். உளுந்து மாவில் லூக்கோனாஸ்டாக் மெசன்ட்ராய்டஸ் என்னும் பாக்டீரியாவும், பழைய சோற்றில் அதன் உறவுக்காரர்களும் காலகாலமாக வேலை பார்த்துவந்திருக்கின்றன.

ஆனால் கடலைப் பாலைத் தயிராக்குவது பாக்டீரியாவுக்கு அவ்வளவு சுலபமில்லை. அதில் பால்சர்க்கரை கிடையாது; இருப்பது நாம் காபியில் போடும் சுக்ரோஸ். தயிர் வகைகளுக்குப் பழகிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் அதைத் தின்னும். கூட்டாளியான லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் பெரும்பாலும் தொடாது. சோயாவில் வேறு தொல்லை. ஹெக்ஸனால் என்னும் வேதிப்பொருள் கிளப்பும் பச்சை வாடை ஒன்று. நம் குடலால் செரிக்க முடியாமல் வாயுவாக மாறும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகள் இன்னொன்று. சில பாக்டீரியாக்கள் வாடையைக் குறைத்து, அந்தச் சர்க்கரைகளையும் உடைத்துவிடும். பால் மாற்றுகளை நொதிக்கவைப்பதில் ஆய்வகங்கள் இவ்வளவு அக்கறை காட்டுவது இதனால்தான். புளிப்பு மட்டும் போதுமென்றால் எலுமிச்சம்பழம் பிழியலாமே.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. தயிர் நூல் விட்டால், கரண்டியில் வழவழவென்று இழுபட்டால், பாட்டி முகம் சுளித்து உறையையே மாற்றிவிடுவாள். பாக்டீரியா சுரக்கும் ஒருவகைச் சர்க்கரைக் கோந்துதான் அந்த நூல். தாவரத் தயிர் தண்ணீர் விட்டுப் பிரியாமல் திடமாக நிற்கவேண்டுமே என்று, இன்று அப்படிக் கோந்து சுரக்கும் இனங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஆராய்ச்சியும் நேற்று முளைத்ததல்ல. 1940களில், வங்கப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. சுப்ரமணியனும் சகாக்களும் சோயாப் பாலின் சத்தை ஆராய்ந்தார்கள். 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். அங்கே வேர்க்கடலையிலிருந்து பாலும் தயிரும் எடுத்துப் பார்த்தார்கள். பால் கிடைக்காதவர்களுக்காக எடுத்த முயற்சி அது. 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. பாக்கெட் பால் வீட்டு வாசலுக்கே வந்தது. திருச்சியில் கொட்டப்பட்டு ஆவின் பால் இருக்கையில் கடலையைப் பிழிய யாருக்குப் பொறுமை? இன்றைக்குக் கடலைத் தயிரைத் தேடுகிறவர்கள் பால் கிடைக்காதவர்கள் அல்ல. ஒத்துக்கொள்ளாதவர்கள், வேண்டாமென்று விட்டவர்கள்.

கடையில் விற்கும்போது இதைத் 'தயிர்' என்று எழுத முடியாது. பாலின் பெயர்களைத் தாவரப் பொருள்களுக்குச் சூட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் கண்டிப்புக் காட்டியது. தேங்காய்ப்பால் போன்ற பழகிய பெயர்களுக்கு மட்டும் விலக்கு. அதே ஆணையம் 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டுகளில் 'தஹி' என்ற இந்திச் சொல்லை அச்சிடச் சொன்னபோது தமிழ்நாடே கொதித்து, தயிர் என்ற சொல்லை மீட்டுக்கொண்டது. அந்தச் சொல்லில் கடலைக்குப் பங்கில்லை.

ருசி? தயிர்சாதத்துக்குச் சுமார்தான், கடலை மணம் எட்டிப் பார்க்கிறது. மோர்க்குழம்பில் தேங்காயும் சீரகமும் அதை மூடிவிடுகின்றன. இரண்டு தரம் விட்டுக்கொண்டேன்.

மறுமுறை போனபோது பரணிலிருந்து பாட்டியின் கல்சட்டியை இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கையில் வாங்கி, உள்ளே விரலால் தடவிப் பார்த்து, திருப்பித் தந்துவிட்டாள். "வேண்டாம் பெரியம்மா. இதுல அறுபது வருஷத்துப் பால் ஊறியிருக்கு." வெங்காயம் பட்ட பாத்திரத்தில் பாட்டியும் தோய்க்க மாட்டாள்.