ஊரின் நிலையை உணர்த்தும் ஆண்டுக் கணக்கு

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஒரு நாட்டின் முழு உருவத்தைக் காட்டுகிறது. ஆயின், இடைப்பட்ட ஆண்டுகளில் தொழிற்சாலைகள் மூடப்படுகின்றன, வாடகை உயர்கிறது, இளைஞர்கள் ஊரை விட்டு வெளியேறுகின்றனர். பழைய கணக்கைக் கொண்டு தீட்டப்படும் திட்டம் இன்றைய தேவையைத் தவறவிடக்கூடும்.

இக்குறையை நீக்க அமெரிக்காவில் 2005 முதல் 'அமெரிக்கச் சமுதாய ஆய்வு' முழு அளவில் நடைபெற்று வருகிறது. ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாதந்தோறும் விவரங்கள் திரட்டப்படுகின்றன. வருமானம், கல்வி, வீட்டில் பேசும் மொழி, வேலைக்குச் செல்லும் பயண நேரம், வாடகை, கட்டடத்தின் வயது, குழாய்நீர் வசதி முதலியவை இதில் அடங்கும். எந்த வட்டாரத்தில் சிறுபான்மை மொழியிலும் வாக்குச்சீட்டு அளிக்க வேண்டும் என்பதும் இவ்விவரங்களைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. ஆகவே, எண்ணில் நேரும் பிழை ஒரு சமுதாயத்தின் உரிமையையே பாதிக்கலாம்.

சிற்றூருக்கு எந்தக் கணக்கு?

முழுமையான ஓராண்டுக் கணிப்புகள், 65,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளுக்கு மட்டுமே வெளியிடப்படுகின்றன. சிற்றூரில் ஓராண்டில் ஒரு சில வீடுகளே மாதிரியில் இடம்பெறுமாதலால், ஐந்தாண்டு விவரங்கள் ஒன்று சேர்க்கப்படுகின்றன. இதனால் நம்பகத்தன்மை கூடுகிறது. ஆனால், கடைசி ஆண்டில் மூடப்பட்ட ஆலையின் விளைவு அக்கணிப்பில் மங்கலாகவே தென்படும்.

ஒவ்வோர் எண்ணுடனும் பிழை வரம்பும் தரப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் வறியோர் 12 சதவீதம், பிழை வரம்பு 5 எனக் கொள்வோம். உண்மை நிலை 7 முதல் 17 சதவீதம் வரை இருக்கலாம் என்பதே இதன் பொருள். அடுத்த கணிப்பு, அதே பிழை வரம்புடன், 14 எனக் காட்டினால் வறுமை பெருகிவிட்டது என முடிவு கட்டுதல் தவறாகும். மேலும், 2010–2014 கணிப்பை 2015–2019 கணிப்புடன் ஒப்பிடலாம். 2014–2018 கணிப்பை அதனுடன் ஒப்பிடுதல் தகாது. இரண்டிலும் நான்கு ஆண்டுகள் பொதுவானவை.

பெருந்தொற்று பரவிய 2020-இல் பதில்கள் குறைந்தன. வசதியுடையோரே மிகுதியாகப் பதிலளித்தனர். எனவே அவ்வாண்டுக்குரிய வழக்கமான ஓராண்டுக் கணிப்பு வெளியிடப்படவில்லை. தவறான எண்ணைத் தருவதினும் எண்ணைத் தராதிருத்தல் மேல் எனக் கருதப்பட்டது.

இந்தியாவிலும் 2011-க்குப் பின் 2021-இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போன நிலையில், மாதிரி ஆய்வுகளின் பொறுப்பு பெருகியது. மாநிலத்திற்குப் பொருந்தும் எண்ணை ஓர் ஊராட்சிக்குப் பொருத்துமுன், அது எத்தனை வீடுகளிலிருந்து, எந்தக் காலத்தில் பெறப்பட்டது என வினவுதல் அலுவலரின் முதற் கடமையாகும்.