வைவாவுக்கு முன்பே ஒரு கடிதம்

முனைவர் பட்ட வைவா முடிந்து, துறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாகிவிட்டது. அன்று இரவே அடுத்த கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது: பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட்டாக் எங்கே கிடைக்கும்? உடனே ஒரே மின்னஞ்சலை எழுதி எண்பது பேராசிரியர்களுக்குத் தட்டிவிடுகிறார்கள். "தங்கள் மேலான ஆய்வுக்கூடத்தில்..." என்று தொடங்கும் அந்தக் கடிதத்தைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. பதில் வராத ஒவ்வொரு நாளும் நல்ல ஆய்வாளர்கள் மனசு விட்டுப்போவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

உண்மையில் போஸ்ட்டாக் என்பது காலியிட அறிவிப்பை நம்பி மட்டும் நடப்பதல்ல. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகையில் நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்ற ஒதுக்கீடே கிடையாது. பட்டம் பெற்று 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்குள்ள ஒரு ஆய்வாளர் உங்களை ஏற்க முன்வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகையும் அப்படித்தான். ஆக, முதலில் தேட வேண்டியது ஆளை.

அப்படி ஆளைத் தேடிப் போனவர்களில் ஒருவரைப் பாருங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் ஒஹாயோவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உயிரியல் மேல் ஆசை வந்து, சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ரைபோசோம் பற்றிய கட்டுரை ஒன்று கண்ணில் பட, யேல் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பீட்டர் மூரின் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்டாக் கிடைத்தது. அதன்பின் சுமார் 50 இடங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ரைபோசோம்தான் 2009இல் அவருக்கு நோபல் பரிசைக் கொண்டுவந்தது.

அப்படியொரு கடிதத்துக்கு அரைப் பக்கம் போதும். நீங்கள் எழுதும் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரையின் மூன்றாவது படத்தில் உங்களுக்கு எழுந்த சந்தேகம் என்ன, அதைத் தீர்க்க உங்கள் கையில் என்ன உத்தி இருக்கிறது? இந்த இரண்டும் இருந்தால் படிப்பார்.

குழந்தை பெற்று ஆய்வை நிறுத்திய பெண்களுக்கு ஒரு வார்த்தை. கதவு மூடிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். மேரி கியூரி உதவித்தொகைக்கு வயது வரம்பே இல்லை. பட்டத்துக்குப் பின் 8 ஆண்டு ஆய்வு அனுபவம்தான் எல்லை. குழந்தைக்காக எடுத்த இடைவெளி அந்தக் கணக்கில் சேராது. இந்தியாவின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகையிலும் 35 வயது வரம்பு பெண்களுக்கு 5 ஆண்டு தளர்த்தப்படுகிறது.

மேரி கியூரிக்குக் கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். அதற்குள் வைவா முடிந்திருக்க வேண்டும். ஆய்வுத் திட்டத்துக்கு 10 பக்கம்தான் இடம். மதிப்பெண்ணில் பாதி, ஆய்வின் தரத்துக்கு. அதை அங்குள்ள பேராசிரியரோடு பேசிப் பேசித் திருத்த மூன்று மாதமாவது பிடிக்கும். அவர் உங்களை ஏற்றுக்கொள்ளவே சில வாரங்கள் ஆகும். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, ஏப்ரலுக்குள் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.