உறைந்த கடலில் ஒரு குடும்பம்



தாய் முட்டையிட்டுவிட்டு இரை தேடிப் போய்விட, தந்தை ஏதும் உண்ணாமல் இரண்டு மாதங்கள் அடைகாக்கும் பறவையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உலகின் தென்கோடியில், அந்தாட்டிக்காவில் வாழும் சக்கரவர்த்திப் பென்குயின்தான் அது. பென்குயின் இனங்களில் மிகப் பெரியது.

மே, ஜூன் மாதங்கள் அங்கே கடும் குளிர்காலம். அந்த இருளில்தான் பெண் பறவை ஒரேயொரு முட்டையிடுகிறது. அதைத் தன் துணையின் பாதங்களுக்கு மெல்ல மாற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறது. தந்தை முட்டையைப் பாதங்களின் மேல் தாங்கி, அடிவயிற்றுத் தோல் மடிப்பினால் மூடிக்கொண்டு சுமார் 65 நாட்கள் நிற்கிறது. பனிப்புயல் வீசும்போது ஆண் பறவைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நின்று சூட்டைப் பகிர்ந்து கொள்கின்றன. துணை சேர வந்த நாளிலிருந்து கணக்கிட்டால், தந்தையின் பட்டினி ஏறக்குறைய நான்கு மாதங்கள். உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். ஸுப்ஹானல்லாஹ்! (சோறு பத்து நிமிடம் பிந்தினால் முகம் சுளிக்கும் வாப்பாமாருக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டலாம்.)

இனி, அந்தப் பறவை எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தரையல்ல, உறைந்த கடல். கரையோடு ஒட்டி உறையும் அந்தப் பனிதான் அதற்கு வீடு, குஞ்சுக்குத் தொட்டில். ஓகஸ்ட் அளவில் பொரிக்கும் குஞ்சின் உடலில் இருப்பது பஞ்சு போன்ற மென்மயிர். அது தண்ணீரைத் தடுக்காது. நீந்துவதற்கேற்ற இறகுகள் முளைக்க டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். அதுவரை பனி உடையாமல் இருக்க வேண்டும். சில வாரங்கள் முந்தி உடைந்தால் குஞ்சுகள் கடலில் விழுந்து மூழ்கும், அல்லது நனைந்து விறைத்து இறக்கும்.

2022 இல் நடந்தது இதுதான். பெலிங்ஸ்ஹவுசன் கடலோரத்தில் ஐந்து குடியிருப்புகள் இருந்தன. பென்குயின்களின் எச்சம் வெண்பனியில் மண்ணிறக் கறையாகச் செய்மதிப் படங்களில் தெரியும். அந்தக் கறையைப் பார்த்தே அவை எங்கே வாழ்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். குஞ்சுகளுக்கு இறகு முளைக்கு முன்னரே அங்கு பனி உடைந்து போனது. ஐந்தில் நான்கு குடியிருப்புகளில் ஒரு குஞ்சுகூடத் தப்பவில்லை என்று பிரித்தானிய அந்தாட்டிக் ஆய்வு நிறுவனத்தார் 2023 இல் அறிவித்தனர். ரொத்ஸ்சைல்ட் தீவுக் குடியிருப்பு மட்டும் தப்பியது.

பனி ஏன் குறைகிறது? நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து எழும் காபனீரொட்சைட்டு பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதோடு இன்னொன்றும் சேர்கிறது. நடுப்பகல் வெயிலில் கறுப்பு ஹபாயாவுடன் நடந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெண்பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பனி உருகியபின் தெரியும் கருங்கடல் அதனை உறிஞ்சிக் கொள்கிறது. சூடேறிய கடல் மேலும் பனியை உருக்குகிறது. வடதுருவத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1979 க்குப் பின் ஆட்டிக் பகுதி உலக சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியுள்ளது. பனியின் மேல் நின்று கடல்நாய் பிடிக்கும் வெண்கரடிக்கு வேட்டைக் காலம் சுருங்கிக்கொண்டே போகிறது.

தென்துருவத்தின் கதை சற்று வேறு. அங்கு 2014 வரை கடல் பனி சிறிது கூடிக்கொண்டுதான் வந்தது. பின்னர் திடீரெனச் சரிந்தது. 2023 பெப்ரவரியில் 17 இலட்சத்து 90 ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுக்குச் சுருங்கியது. 1979 இல் செய்மதிக் கணக்கெடுப்பு தொடங்கிய பின் அவ்வளவு குறைந்ததில்லை.

கடல் பனி உருகினால் ஊர்கள் மூழ்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. விளிம்பு வரை நிரம்பிய சர்பத் கிளாசில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைந்தாலும் கிளாஸ் வழிவதில்லை அல்லவா? கடல்மட்டத்தை உயர்த்துவது தரைமேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்வது. கடல் பனியின் இழப்பு வேறு வகையானது. அதன் அடிப்பக்கத்தில் நுண்ணிய பாசிகள் வளர்கின்றன. எமது அடுப்படிக் கூனியைச் சற்றுப் பெரிதாக்கினாற் போன்ற கிறில் என்னும் உயிரினத்தின் குஞ்சுகள் குளிர்காலத்தில் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்றே உயிர் பிழைக்கின்றன. கிறிலை மீனும் பென்குயினும் திமிங்கிலமும் உண்கின்றன. அல்லாஹ் அமைத்த இந்தச் சங்கிலியின் முதல் வளையம் பனியில்தான் கோக்கப்பட்டிருக்கிறது.

எறும்பின் பெயராலும் தேனீயின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்கள் உள்ள வேதத்தை ஓதும் நாம், இந்தப் பறவைக்கு என்ன நேர்கிறது என்று விசாரிப்பது பொருத்தமானதே.

வெடல் கடலோரத்தில் ஹெலி விரிகுடா என்றோர் இடம். உலகின் இரண்டாவது பெரிய சக்கரவர்த்திப் பென்குயின் குடியிருப்பு அங்குதான் இருந்தது. 2016 ஒக்டோபரில் பனி உடைந்து குஞ்சுகள் அழிந்தன. அதற்குப் புயல்களும் ஒரு காரணம். எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் போடுவது நியாயமன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அப்படியே ஆயின. பெரிய பறவைகளில் பல சுமார் 55 கிலோமீற்றர் தெற்கே டோசன்–லாம்ப்டன் பனியாற்றருகே குடிபெயர்ந்தன; அங்கிருந்த சிறு குடியிருப்பு பத்து மடங்குக்கும் மேல் பெருகியது. அதற்கும் தெற்கே கடல் முடிந்து அந்தாட்டிக்காக் கண்டம் தொடங்கிவிடுகிறது.