போர் மோட்டாருக்கும் ஒரு சிம் கார்டு!

இண்டர்நெட் என்றதும் கம்ப்யூட்டரும் மொபைல் போனும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வாசலில் உள்ள கேமரா, ஹாலில் உள்ள டிவி, ரேஷன் கடையில் பில் போடும் கருவி, கொல்லையில் உள்ள தண்ணீர் மோட்டார் என்று பல பொருட்கள் இன்று இண்டர்நெட்டில் இணைந்துள்ளன. இவற்றை மொத்தமாக ‘இண்டர்நெட் ஆஃப் திங்ஸ்’ என்பார்கள். 1999ஆம் ஆண்டு கெவின் ஆஷ்டன் என்பவர் இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு முன்பே, 1990இல், ஜான் ராம்கி என்பவர் ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஒன்றை இண்டர்நெட் வழியே இயக்கிக் காட்டினார்.

இது எப்படி வேலை செய்கிறது? எங்கள் வீட்டு மோட்டாரை வைத்தே பார்ப்போம்.

இருட்டில் ஒரு நடை

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் கரும்புக் கொல்லை இருக்கிறது. விவசாயத்திற்கான மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வராது. இரவு முறை வரும்போது, அப்பா டார்ச் லைட்டுடன் வரப்பில் நடந்து போய் மோட்டார் போடுவார். கரும்புச் சோகையில் பாம்பு கிடக்கும். ஒருமுறை மிதிக்காமல் தப்பினார். அதன் பிறகுதான் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கினோம். தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் வழங்கியிருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்த அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இண்டர்நெட்டில் இணைந்த இத்தகைய கருவியில் பொதுவாக நான்கு பகுதிகள் இருக்கும்.

1. உணரும் பகுதி, அதாவது சென்சார். மூன்று பேஸும் வருகிறதா, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று இது அளக்கும்.

2. சிறிய கம்ப்யூட்டர். விரல் நகம் அளவுள்ள ஒரு சிப். இதற்கு மானிட்டரும் கீபோர்டும் கிடையாது. ஒரே ஒரு புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும்.

3. செய்யும் பகுதி. இது ஒரு ரிலே. ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை நம் விரல் அழுத்துவதற்குப் பதிலாக இது அந்த வேலையைச் செய்யும்.

4. பேசும் பகுதி. வீட்டுக் கேமரா என்றால் வைஃபை. கொல்லையில் வைஃபைக்கு எங்கே போவது? அதனால்தான் மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு.

நடுவில் ஏன் சர்வர்?

அப்பா போனில் ‘ஆன்’ அழுத்தியதும் அது நேராக மோட்டாருக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொபைல் நெட்வொர்க்கில் உள்ள கருவிக்கு, வெளியிலிருந்து யாரும் நேராக அணுகும்படியான முகவரி பெரும்பாலும் கிடைப்பதில்லை. தெருப் பெயரோ கதவு எண்ணோ இல்லாத வீட்டைப் போல. தபால்காரர் அங்கே வர முடியாது. வீட்டுக்காரர்தான் தபால் ஆபீசுக்குப் போய் “எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?” என்று கேட்க வேண்டும்.

இங்கே தபால் ஆபீஸ்தான் சர்வர். மோட்டார் பெட்டி தானாகவே சர்வரைத் தொடர்பு கொண்டு, லைனை வைத்துவிடாமல் காத்திருக்கும். அவ்வப்போது “நான் இருக்கிறேன்” என்று ஒரு சிறு செய்தியும் அனுப்பும். அப்பாவின் போன் உத்தரவை சர்வரிடம் கொடுக்கும். சர்வர் அதைப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி மோட்டாரைப் போட்டுவிட்டு, “போட்டுவிட்டேன்” என்று அதே வழியில் பதில் சொல்லும்.

இந்தப் பேச்சுக்குப் பல கருவிகள் பயன்படுத்தும் முறைக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர். இதுவும் 1999இல் உருவானதுதான். எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிப்பதற்காக எழுதப்பட்டது. இதில் “நான் இருக்கிறேன்” என்ற செய்தியின் அளவு வெறும் 2 பைட். அதாவது இரண்டு ஆங்கில எழுத்துகள் பிடிக்கும் இடம். அதனால் சிக்னல் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடும்.

சில ஸ்டார்ட்டர்கள் போன் கால் அல்லது எஸ்.எம்.எஸ். மூலம் மட்டுமே இயங்கும். அவற்றிற்கு இண்டர்நெட்டும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.

நான் செய்த தவறு

சாப்ட்வேர் எழுதுவதே என் தொழில் என்பதால் பெட்டியை நானே செட்டிங் செய்து கொடுத்தேன். போரில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் ‘டிரை ரன்’ வசதி அதில் இருந்தது. தண்ணீர் ஓடும்போது மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று முதலில் கருவிக்குக் காட்ட வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் சுமை குறைந்து ஆம்பியரும் குறையும். அதை வைத்துக் கருவி புரிந்துகொள்ளும். “போனிலேயே நிறுத்திக்கொள்ளலாமே” என்று நான் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன்.

ஒரு கோடையில் அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்திற்குப் போயிருந்தார். அங்கிருந்தபடியே ‘ஆஃப்’ அழுத்தினார். திரையில் பட்டன் சிவப்பானது. ஆனால் அந்த நேரம் கொல்லையில் சிக்னல் இல்லை. பட்டன் காட்டியது “உத்தரவு அனுப்பப்பட்டது” என்பதை மட்டுமே. மோட்டார் நின்றதற்கான பதில் வரவே இல்லை. சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். வறண்ட போரில் மணிக்கணக்கில் ஓடி, காயில் கருகிவிட்டது. மோட்டாரை மேலே இழுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்கும்வரை கரும்பு காய்ந்தது.

“போன்ல நின்னுடுச்சுன்னு காட்டுச்சேப்பா” என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை.

இண்டர்நெட் கருவி எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: லைன் அறுந்தால் இது என்ன செய்யும்? மோட்டாரை நிறுத்துவது போன்ற அவசர முடிவுகளைக் கருவி தானே, அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். அதற்குத்தான் உள்ளே ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது.

மலை மேலே ரேஷன் கடை

எல்லா முடிவையும் கருவியே எடுத்துவிட முடியுமா? முடியாது. ரேஷன் கடைக் கருவியைப் பாருங்கள். தமிழகத்தில் 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் விரல் ரேகை முறையும் தொடங்கியது. கைரேகை நம்முடையதுதானா என்பதைத் தொலைவில் உள்ள ஆதார் சர்வர்தான் சொல்ல வேண்டும். கருவிக்கு அது தெரியாது.

கச்சிராயபாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. அதைத் தாண்டி உள்ளே போகப் போக, பல இடங்களில் சிக்னல் வரும், போகும். ஒரு சிற்றூரில், விற்பனையாளர் கருவியைக் கையில் தூக்கியபடி சிக்னல் தேடி வாசலுக்கு வந்ததைப் பார்த்தேன். பையுடன் நின்ற ஒரு பாட்டி நாலு முறை விரல் வைத்தார். அரிசி மூட்டை உள்ளேதான் இருந்தது. ‘சரி’ என்ற ஒரு சொல்தான் வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கருவியை மாற்றிப் பயனில்லை. ஒன்று டவர் வேண்டும், அல்லது லைன் இல்லாதபோது பொருள் கொடுக்க மாற்று வழி வேண்டும்.

உங்கள் வீட்டில் பாருங்கள்

வைஃபை உள்ளவர்கள் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சில ரௌட்டர்களில் இது 192.168.0.1 ஆக இருக்கும். ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே போனால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் கிடைக்கும். உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2016இல் ‘மிராய்’ என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி, ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்களை முடக்கினார்கள்.

வாங்கும் முன்

* கருவி 2ஜியா, 4ஜியா என்று கேளுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது.

* கருவியை வைக்கப்போகும் இடத்தில் எந்த சிம்முக்கு சிக்னல் நன்றாக வருகிறது என்று உங்கள் போனிலேயே சோதித்துவிடுங்கள். அந்த சிம்முக்கும் ரீசார்ஜ் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

* 0000, 1234 போன்ற எண்களை முதல் நாளே மாற்றுங்கள். எந்தெந்த போன்களிலிருந்து இயக்கலாம் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

* மோட்டார் என்றால் டிரை ரன், பேஸ் பாதுகாப்பு இரண்டையும் செட் செய்த பிறகே பயன்படுத்துங்கள்.

* செட் செய்ததும் கருவியிலிருந்து சிம்மைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கையால் நிறுத்த முடிகிறதா என்றும் பாருங்கள்.

அப்பா இப்போது இரவில் கொல்லைக்குப் போவதில்லை. ஆனால் போனில் ‘ஆஃப்’ அழுத்தினால், பட்டனின் நிறத்தை அவர் நம்புவதில்லை. கீழே ஆம்பியர் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் போனைக் கீழே வைக்கிறார்.