பனி ஊரில் தோட்டம் போட்டோம்... பட்ஜெட் போட்டோமா?

மே மாதம் என்றால் நம்மூரில் கத்திரி வெயில். நான் குடியிருக்கும் கால்கரியில் மே மாதத்திலும் பனி கொட்டும்! கனடாவில், ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,045 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி சர்வசாதாரணம். இந்த ஊரில்தான் நாங்கள் 2021ஆம் வருஷம் அக்டோபரில் புது வீட்டுக்குக் குடி வந்தோம்.

புது வீடு என்றால் வீடு மட்டும்தான். பின்பக்கம் முப்பதுக்கு நாற்பது, 1,200 சதுர அடி வெறும் களிமண். மழை பெய்தால் பிசுபிசு, வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிப்பு. அப்போது எங்கள் பையனுக்கு இரண்டு வயது. கதவைத் திறந்தால் போதும், சேற்றை அப்பிக்கொண்டு வந்து நிற்பான்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 24,000 டாலர் என்றார், இன்னொருவர் 28,000, மூன்றாமவர் 31,000! அதற்கு மேல் 5 சதவிகிதம் வரி தனி. எங்கள் கையில் இருந்ததோ 9,000 டாலர். அது தவிர ஒரு பழுப்புக் கவர் உண்டு. அதன் மேல் 'அம்மா' என்று எழுதி வைத்திருந்தேன். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் போக, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மாதாமாதம் நான் போட்டு வந்த டிக்கெட் பணம். "அந்தக் கவரை மட்டும் தொடவே கூடாது" என்று என் கணவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நாமே போட்டுக்கலாம்டி. இதென்ன பெரிய வித்தையா?" என்றார் இவர். எனக்கும் ஆசைதான். 2022 மே மாதக் கடைசியில், மூன்று நாள் விடுமுறை வருமே, விக்டோரியா தினம், அன்றைக்குக் கடைக்குப் போனோம். செடிகளைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலியோரம் வைக்க எமரால்டு சீடார் என்ற பச்சைப் பசேல் மரக்கன்றுகள் பன்னிரண்டு, ஒன்று 45 டாலர். சுவரோரம் பூச்செடிகள். உட்கார ஒரு பெஞ்ச். தரைக்குக் கல். புல் சுருள்கள். மூட்டை மூட்டையாக மண். செப்டம்பர் வந்தபோது கணக்குப் பார்த்தேன். 4,600 டாலர் போய்விட்டிருந்தது. ஆனால் போட்டோ எடுத்தால் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது!

அந்தக் குளிர்காலம் எங்களுக்குப் பாடம் நடத்தியது. இந்த ஊரில் 'சினூக்' என்று ஒரு காற்று உண்டு. மலையைத் தாண்டி வெதுவெதுவென்று இறங்கும். காலையில் மைனஸ் 20 என்றால் சாயங்காலத்துக்குள் பனி உருகி ஓடும், இரண்டு நாள் கழித்து மறுபடியும் மைனஸ் 20. கனடாவிலேயே இதைவிடக் குளிரான ஊர்கள் இருக்கின்றன. ஆனால் இந்த ஏமாற்றுச் சூடுதான் செடிகளுக்கு எமன். இலையில் இருக்கும் ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிடும், வேரோ உறைந்த மண்ணுக்குள் இருக்கும், தண்ணீர் எடுக்க முடியாது. ஏப்ரலில் பார்த்தால் பன்னிரண்டு சீடாரில் பத்து துடைப்பம் மாதிரி நின்றது. கடையில் ஓராண்டு உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள், ஆனால் ரசீது வேண்டும் என்றார்கள். ரசீதை யார் வைத்திருந்தது?

தரைக்கல்லின் கதை வேறு. களிமண்ணின் மேல் இரண்டு அங்குலம் மணலைப் பரப்பி, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் கல் பதித்திருந்தோம். களிமண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உறையும்போது அந்த ஈரம் பெருத்துக் கல்லைத் தூக்கும், உருகும்போது கீழே விடும், ஆனால் பழைய இடத்தில் விடாது. வசந்தத்தில் மேஜையைப் போட்டால் நாலு காலில் மூன்றுதான் தரையில் நின்றது.

இதெல்லாம்கூடப் போகட்டும். 2023 ஏப்ரலில் ஒரு நாள் காலை துணி துவைக்கக் கீழே இறங்கினேன். பேஸ்மென்ட் என்கிற நிலவறையில் கம்பளம் 'சளக்'கென்று காலில் ஒட்டியது. சுவரோரம் தண்ணீர்!

காரணம் என்ன தெரியுமா? புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டி, சுவர் எழுப்பிய பிறகு, பக்கவாட்டில் மண்ணைத் தள்ளி மூடுவார்கள். அந்த மண் இரண்டு மூன்று வருஷத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சுவரோரம் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில்தான் நான் பூச்செடி வைத்து, வாய்க்கால் மாதிரி கரையும் கட்டி, தினமும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்! கூரையிலிருந்து இறங்கும் குழாயும் அங்கேயே கொட்டுகிறது. குளிர்காலத்துப் பனி முழுதும் உருகி வீட்டுக்குள் வந்துவிட்டது.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் அழுதேன். அம்மா முதலில் கேட்ட கேள்வி: "வாட்டம் பாத்தியாடி?"

"என்ன வாட்டம்?"

"தண்ணி வாட்டம்! நம்ம வீட்டு முற்றத்துல தாத்தா ஒரு குடம் தண்ணியைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடறதுன்னு பாத்துட்டுத்தான் கல்லே பாவினார். நீ பூச்செடி வெக்கறதுக்கு முன்னாடி அதைப் பாக்க வேண்டாமா?"

கம்பளத்தைப் பிய்த்து, சுவரைக் காயவைத்து, விரிசலை அடைக்க 2,300 டாலர். தோட்டக் கணக்கில் மிச்சமிருந்ததைத் தொட்டால் பள்ளத்தை மூட வழியில்லை. பழுப்புக் கவரைத்தான் பிரித்தேன். அடுத்த பொங்கலுக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "வீட்டுக்குள்ள தண்ணி வந்தா அதை மொதல்ல பாரு. நான் எங்க போயிடப் போறேன்?" என்றாள். எழுபத்தொரு வயது அம்மா அப்படிச் சொல்லும்போது, நமக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதற்கப்புறம்தான் உருப்படியாகக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். இவரைக்கூடப் பக்கத்தில் சேர்க்கவில்லை! கண்ணுக்குத் தெரியாத செலவெல்லாம் முதலில், கண்ணுக்கு அழகான செலவெல்லாம் கடைசியில், என்று நோட்டில் தலைகீழாகத் திருப்பி எழுதினேன்.

முதலில் வாட்டம். சுவரிலிருந்து பத்து அடி தள்ளிப் போனால் தரை ஆறு அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும். இதைப் பார்க்க ஆள் வேண்டாம். இரண்டு குச்சி, ஒரு நூல், ஒரு ரசமட்டம் போதும். சுவரோரக் குச்சியில் தரை மட்டத்தில் நூலைக் கட்டி, ரசமட்டம் வைத்து நேராக இழுத்து, மறு குச்சியில் நூலுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்தால் சரி. எங்கள் வீட்டில் அளந்தபோது தரை வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது! பள்ளத்தில் தோட்டத்து மண்ணைப் போடக்கூடாது, அது தண்ணீரை உள்ளே விட்டுவிடும். களிமண்ணையே போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்கு 300 டாலர். கூரைக் குழாய்க்கு நீட்டல் குழாய் வாங்கி, ஆறடி தள்ளிக் கொட்டும்படி செய்தோம். அது வெறும் 20 டாலர். அந்த 20 டாலர் குழாயை முதல் வருஷமே வாங்கியிருந்தால்...

தோண்டுவதற்கு முன் ஒரு போன் செய்ய வேண்டும். இங்கே அது கட்டாயம், பைசா செலவில்லை. ஆட்கள் வந்து மண்ணுக்கடியில் கேஸ் குழாய் போகும் இடத்தில் மஞ்சள் சாயமும், மின்சாரக் கம்பி போகும் இடத்தில் சிவப்புச் சாயமும் தெளித்துவிட்டுப் போவார்கள். முதல் வருஷம் நாங்கள் இதைச் செய்யாமலே கடப்பாரை போட்டிருக்கிறோம். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அடுத்தது மண். இதில்தான் நான் அசல் ஏமாளி. கடையில் 28 லிட்டர் மூட்டை 5 டாலர். சல்லிசு என்று நினைத்தேன். ஒரு கன கெஜம் என்பது சுமார் 765 லிட்டர், அதாவது 27 மூட்டை, 135 டாலர்! அதே மண்ணை லாரியில் கொண்டு வந்து கொட்டினால் கன கெஜம் 45 டாலர்தான். புல்லுக்கு ஆறு அங்குல மேல்மண்ணாவது வேண்டும். 1,200 சதுர அடிக்கு அரையடி உயரம் என்றால் 600 கன அடி. இதை 27ஆல் வகுத்தால் 22 கன கெஜம் சொச்சம். ஆயிரம் டாலர் ஆயிற்று. மூட்டையாக வாங்கியிருந்தால் மூவாயிரம்! முதல் வருஷம் விலைக்குப் பயந்து இரண்டு அங்குலம்தான் போட்டிருந்தோம். புல் மஞ்சளாகத்தானே போகும்?

தரைக்கல்லை எல்லாம் பெயர்த்தெடுத்து, எட்டு அங்குலம் தோண்டி, ஆறு அங்குலம் ஜல்லி போட்டு, மேலே ஓர் அங்குலம் மணல் பரப்பி, அதே கல்லைத் திரும்பப் பதித்தோம். ஜல்லியை மூன்று மூன்று அங்குலமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் திமிசு போட வேண்டும். அதற்கான இயந்திரம் ஒரு நாள் வாடகை 90 டாலர். நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள், புளியோதரையும் தயிர்சாதமும் கூலி. ஜல்லி 180, மணல் 40. ஆனால் ஒரு செலவை யாருமே சொல்லவில்லை. தோண்டிய களிமண்ணை எங்கே கொட்டுவது? நூற்று நாற்பத்து நாலு சதுர அடியில் எட்டு அங்குலம் தோண்டினால் மூன்றரை கன கெஜம், ஐந்து டன்னுக்குக் குறையாது. வாடகைத் தொட்டி வைத்து எடுத்துப் போக 450 டாலர்! பிறகுதான் உறைத்தது, அதில் பாதியைச் சுவரோரப் பள்ளத்துக்கே போட்டிருக்கலாமே என்று. வேலையை முன்னே பின்னே மாற்றிச் செய்தால் கையில் இருக்கும் பொருளுக்கே காசு கொடுக்க நேருகிறது.

புல்லை முற்றத்தில் பாதிக்கு மட்டும், சுருளாக இல்லாமல் விதையாக, 2023 ஆகஸ்ட் கடைசியில் தூவினோம். முளைத்து வர நாளாகும், பொறுமை வேண்டும். ஆனால் செலவு சுருளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மறு வருஷமே அதன் அருமை தெரிந்தது. 2024 ஜூன் 5ஆம் தேதி கால்கரியின் பெரிய குடிநீர்க் குழாய் வெடித்தது. தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடவே கூடாது என்று வாரக்கணக்கில் தடை. தெருக்கோடி வீட்டில் அப்போதுதான் புதுப் புல் சுருள் விரித்திருந்தார்கள். முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர் காட்ட வேண்டிய புல், பாவம், கருகிப்போயிற்று. எங்கள் புல் வேர்விட்டிருந்ததால் பழுத்துப் பிறகு துளிர்த்தது. செடிகளுக்கு மழைத்தொட்டித் தண்ணீர் போதுமாக இருந்தது.

வேலிக் கம்பம் நாலடி ஆழம் போக வேண்டும், இல்லாவிட்டால் பனி அதையும் தூக்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களோடு பாதிப் பாதி, எங்கள் பங்கு 1,900.

கடைசியாகத்தான் செடி. இந்தத் தடவை கடைக்குப் போகுமுன் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். வில்லியம் ரீடர் என்பவர் 1913லிருந்து 1942 வரை இந்த ஊர்ப் பூங்காக்களுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தார். "இங்கே எதுவும் வளராது" என்று சொன்னவர்களுக்குப் பதிலாக, மயானத்தை ஒட்டிய ஒரு மேட்டில் பாறைத்தோட்டம் போட்டு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார். ரீடர் ராக் கார்டன் என்று பெயர். காசு வாங்காமல் உள்ளே விடுகிறார்கள். நோட்டும் பென்சிலுமாகப் போய், எது உயிரோடு இருக்கிறதோ அதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். செடியின் சீட்டில் குளிர் மண்டல எண் போட்டிருக்கும். 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் இப்போது கையில் எடுக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியை நான் 'பீஜி' என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொடுத்த லைலாக் கன்றும் ருபார்ப் கிழங்கும் இலவசம். நான் பதிலுக்குப் புதினா கொடுத்தேன். (தொட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன், மண்ணில் வைத்தால் பீஜியின் வீட்டையே பிடித்துவிடும்!) செப்டம்பர் முதல் வாரத்தில் கடைகளில் செடி பாதி விலைக்கு வரும். சஸ்கட்டூன் பெர்ரி இரண்டு, நான்கிங் செர்ரி இரண்டு, ஈவன்ஸ் செர்ரி ஒன்று, எல்லாம் சின்னத் தொட்டி. பெரிய மரத்துக்கு நாலைந்து மடங்கு விலை, வேர்பிடிக்கவும் அதிக நாள் ஆகும். மொத்தம் 640 டாலரில் முடிந்தது.

கூட்டிப் பார்த்தேன். 2022ல் 4,600, 2023ல் குழாய், புல்விதை எல்லாம் சேர்த்து 2,150, 2024ல் 2,540. ஆக 9,290 டாலர். பேஸ்மென்ட்டுக்குப் போன 2,300 தனி. முதல் வருஷத்துச் செலவில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. வாட்டத்தில் ஆரம்பித்திருந்தால் ஆறாயிரத்து சொச்சத்தில் இதே தோட்டம் அமைந்திருக்கும்.

2025 ஜனவரியில் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஒரு வருஷம் தள்ளித்தான். அம்மா கொஞ்சம் தளர்ந்திருந்தாள், மாடிப்படி ஏறுவதை நிறுத்தியிருந்தாள். போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். செர்ரிச் செடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குழாயைத் தள்ளி வெச்சுட்டியோன்னோ?" என்றாள். வெச்சுட்டேன் அம்மா என்றேன்.

அந்த ஆகஸ்டில் ஈவன்ஸ் செர்ரி முதல் தடவையாகக் காய்த்தது. நல்ல புளிப்பு. உப்பு, காரம், வெந்தயப்பொடி போட்டுத் தொக்கு கிளறினேன். நெல்லிக்காய்த் தொக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது!