வலி மாத்திரைக்கும் வைட்டமின் ஊசிக்கும் நடுவில்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வார்ப்படப் பட்டறைகளில் சித்திரை வெயிலிலும் உலை அணைவதில்லை. தலைக்கு மேலே தகரக் கூரை. ஷிப்ட் முடிந்ததும் உடம்பெல்லாம் வலி. மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை, கூடவே ஒரு சத்து மாத்திரை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதே வழக்கம்தான்.

இந்த வலிக்கு வைட்டமின் டி குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். பகலெல்லாம் கூரைக்கடியில் நிற்பவருக்கும், நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவருக்கும் உடம்பில் வெயில் படுவது அபூர்வம். மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே போனால் அது குறைபாடு. ரொம்பவும் குறைந்தால் எலும்பும் தசையும் நோகும். ஆனால் இவர்களின் சிறுநீரகத்தைத் திடீரென்று சாய்ப்பது பெரும்பாலும் இந்தக் குறைபாடு அல்ல, வலிக்காக விழுங்கும் மாத்திரை. வியர்த்து நீர் வற்றிய உடம்பில், சிறுநீரக ரத்தக்குழாய் சுருங்கிவிடாமல் காப்பது புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியையே தடுக்கின்றன. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்ச் சேரும் உறுப்புக்கு வரத்து குறைகிறது. ஓரிரு நாளில், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிவிடக்கூடும். பக்கத்துப் போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, உப்பளத்திலும் இரும்பாலையிலும் வெப்பத்தில் உழைப்பவர்களின் சிறுநீரகத்தை ஆராய்ந்திருக்கிறது.

சத்து மாத்திரையில் இருக்கும் வைட்டமின் பி3-யின் கதை வேறு. உப்பையும் நீரையும் மீட்டெடுக்கும் சிறுநீரக நுண்குழாய் செல்களுக்கு ஓயாமல் ஆற்றல் வேண்டும். அதற்குத் தேவையான என்ஏடி மூலக்கூறு பி3-யிலிருந்தும் உருவாகிறது. சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படும்போது உடம்பின் என்ஏடி தயாரிப்பு தடைபடுவதை, பாஸ்டனில் சிறுநீரக ஆய்வாளர் சமீர் பாரிக்கின் குழு 2018-இல் காட்டியது. இதய அறுவை சிகிச்சைக்கு வந்த 41 பேரிடம் பி3-இன் ஒரு வடிவமான நிகோடினமைடைச் சோதித்தபோது பலன் தெரிந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம். ஆனால் அதை நம்பிக் கடையில் மாத்திரை வாங்குவதற்கு இந்தச் சான்று போதாது.

வைட்டமின் மிகையானாலும் ஆபத்துதான். வாரத்துக்கு ஒன்று என்று எழுதித்தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் விழுங்கினாலோ, 6 லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டாலோ ரத்தத்தில் கால்சியம் எகிறும். சிறுநீர் அளவின்றிப் போய், உடம்பு வற்றி, சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். கிராம் கணக்கில் எடுக்கும் வைட்டமின் சி, ஆக்சலேட் படிகமாக அங்கேயே படியக்கூடும்.

உலையருகே வேலை செய்கிறவர்களுக்கு, கோடை தொடங்கும்போதும் முடியும்போதும் கிரியாட்டினின் பரிசோதனையை ஆலை நிர்வாகமே செய்துதர வேண்டும். தண்ணீர் குடிக்கவும் நிழலில் உட்காரவும் தரும் நேரத்தைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.