பிரெஸ்டன்: ஊர்ப் பணத்தை ஊருக்குள் சுழலவிட்ட நகரம்

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில் இருக்கிறது பிரெஸ்டன். சனத்தொகை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732-இல் பிறந்த ஊர். பருத்தி ஆலைகளால் வளர்ந்து, அவை மூடப்பட்டபின் தளர்ந்துபோன ஊர். நகரம் என்ற தகுதி இதற்கு 2002-இல்தான் கிடைத்தது. உள்ளூர்ப் பொருளாதாரம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று 'பிரெஸ்டன் மாதிரி' என்று ஒன்றை அடிக்கடி குறிப்பிடுகிறார்கள். அது என்ன என்பதை எனக்கு விளங்கிய அளவில் இங்கே சொல்ல முயல்கிறேன்.

கைவிட்டுப் போன திட்டம்

நலிந்த நகரங்கள் வழக்கமாகச் செய்வதையே பிரெஸ்டனும் முதலில் செய்தது. வெளியிலிருந்து பெரிய முதலீட்டாளர் ஒருவர் வருவார் என்று காத்திருந்தது. நகர மையத்தில் 'டைத்பார்ன்' என்ற பெயரில் பெரும் வணிக வளாகம் ஒன்று திட்டமிடப்பட்டது. மதிப்பு 700 மில்லியன் பவுண். பத்து ஆண்டுகளுக்கு மேல் பேச்சு நடந்தது. 2011 நவம்பரில், வளாகத்தின் முக்கிய கடையாக வரவிருந்த ஜோன் லூயிஸ் நிறுவனம் விலகிக்கொண்டது. திட்டம் அத்துடன் முடிந்தது. அதே காலத்தில் மத்திய அரசாங்கம் உள்ளூராட்சி சபைகளுக்கான நிதியையும் வெட்டிக்கொண்டிருந்தது. வெளியாரும் வரவில்லை, அரசாங்கமும் தரவில்லை.

இந்த நிலையில் சபை உறுப்பினர் மத்தேயு பிரவுன் (இவர் 2018-இல் சபையின் தலைவரானார்) வேறொரு கேள்வியைக் கேட்டார். புதுப் பணம் வராவிட்டால் போகட்டும். ஏற்கனவே இந்த ஊரில் இருக்கும் பணம் எங்கே போகிறது?

கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள்

ஒரு தனியார் தொழிற்சாலை நாளை வேறு நாட்டுக்குப் போய்விடலாம். பல்கலைக்கழகமோ, கல்லூரியோ, பொலிஸ் திணைக்களமோ அப்படிப் போகாது. இவற்றை 'நங்கூர நிறுவனங்கள்' என்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகத்தையும் வைத்து இதேபோன்ற முயற்சி ஏற்கனவே நடந்திருந்தது. பிரெஸ்டன் அதைப் பார்த்துக் கற்றது. மான்செஸ்டரிலுள்ள உள்ளூர்ப் பொருளாதார ஆய்வு நிலையம் ஒன்று துணைக்கு வந்தது. மாநகரசபை, லங்காஷயர் மாவட்டசபை, பொலிஸ், இரு கல்லூரிகள், சமூக வீடமைப்புச் சங்கம் ஆகியவை ஒரே மேசைக்கு வந்தன. மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகமும் இந்தக் கூட்டில் சேர்ந்துகொண்டது.

முதல் வேலை, யாரிடம் எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்று கணக்குப் பார்ப்பது. 2012-13இல் ஆறு நிறுவனங்கள் சேர்ந்து பொருட்களுக்கும் சேவைகளுக்கும் செலவிட்டது ஏறக்குறைய 750 மில்லியன் பவுண். அதில் பிரெஸ்டனுக்குள் செலவானது வெறும் 5 வீதம். லங்காஷயர் முழுவதையும் சேர்த்தாலும் 39 வீதம்தான். மீதி வெளியே போய்க்கொண்டிருந்தது.

சட்டத்துக்குள் எப்படி?

'உள்ளூர்க்காரருக்கு மட்டும்' என்று ஒப்பந்தம் கொடுத்துவிட முடியாது. அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. போட்டிச் சட்டங்கள் கடுமையானவை. ஆகவே அவர்கள் மாற்றியது ஒப்பந்தங்களின் வடிவத்தை. பாடசாலை உணவுக்கான ஒப்பந்தம் நல்ல உதாரணம். முழுவதையும் ஒரே கேள்விப்பத்திரமாகக் கோரினால் பெரிய நிறுவனங்கள்தான் போட்டியிட முடியும். மாவட்டசபை அதைத் துண்டுகளாக்கியது. தயிருக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, பாற்கட்டிக்கு ஒன்று. சின்ன வியாபாரிகளும் இப்போது விலை கூற முடிந்தது. லங்காஷயர்ப் பண்ணைகளிலிருந்து வாங்கும் உள்ளூர் விநியோகஸ்தர்களுக்கே அவை கிடைத்தன.

இதற்கு 2012-இல் வந்த சமூகப் பயன் சட்டமும் உதவியது. அரச சேவைகளை வாங்கும்போது விலையோடு சேர்த்து, அதனால் அந்த இடத்துக்கு என்ன நன்மை என்பதையும் பார்க்கவேண்டும் என்கிறது அச்சட்டம். பயிற்சித் தொழிலாளரைச் சேர்ப்பார்களா, நியாயமான கூலி கொடுப்பார்களா என்றெல்லாம் கேட்க இடம் கிடைத்தது. நகரின் பழைய சந்தையைப் புதுப்பிக்கும் வேலையும் உள்ளூர்க் கட்டட நிறுவனம் ஒன்றுக்கே கிடைத்தது. சந்தை 2018-இல் திறக்கப்பட்டது.

2016-17இல் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். பிரெஸ்டனின் பங்கு 5 வீதத்திலிருந்து 18.2 ஆகவும், லங்காஷயரின் பங்கு 39 வீதத்திலிருந்து 79.2 ஆகவும் உயர்ந்திருந்தது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. நிதிவெட்டினால் இந்த நிறுவனங்களின் மொத்தச் செலவு அதற்குள் 620 மில்லியன் அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படியிருந்தும் பிரெஸ்டனுக்குள் செலவான தொகை 38 மில்லியனிலிருந்து 110 மில்லியனுக்கு மேல் போயிருந்தது. பானை சிறுத்தபோதும் ஊருக்குக் கிடைத்த சோறு கூடியது.

சுதேசியும் லங்காஷயரும்

இதைப் படிக்கும்போது நமக்குச் சுதேசி இயக்கம் நினைவுக்கு வராமல் இராது. அந்நியத் துணிப் பகிஷ்காரத்தின் அடியைத் தாங்கியது இதே லங்காஷயர்தான். 1931-இல் காந்தி இங்கே டார்வென் பகுதிக்கு வந்து ஆலைத்தொழிலாளரைச் சந்தித்தார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுதேசி ஒவ்வொரு மனிதரின் மனச்சாட்சியிடம் பேசியது. பிரெஸ்டன், கடைக்குப் போகும் ஏழையிடம் 'கூட விலை கொடுத்து உள்ளூர்ப் பொருளை வாங்கு' என்று கேட்கவில்லை. பொதுப்பணத்தைச் செலவிடும் நிறுவனங்களிடம்தான் கேட்டது. பொறுப்பு அங்கேதான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணமும்.

குறைகள்

குறை சொல்வோரும் உண்டு. எல்லா ஊரும் இப்படிச் செய்தால் ஒன்றின் இலாபம் மற்றதன் நட்டம் ஆகாதா என்பது முதல் கேள்வி. பெரிய நகரங்களிலுள்ள தலைமையகங்களுக்குப் போன பணமே திரும்புகிறது என்பது ஆதரவாளர் பதில். இது பாதிப் பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து ஊரின் சிறு வியாபாரியும் ஒப்பந்தத்தை இழக்கக்கூடும். அடுத்து, தொழிலாளர் கூட்டுறவுகளை உருவாக்கும் முயற்சி கொள்வனவு மாற்றத்தின் வேகத்தில் நடக்கவில்லை. நகரில் வறுமை ஒழிந்துவிட்டது என்று எவரும் சொல்லவும் இல்லை.

ஆயினும் 2023-இல் 'லான்செட் பொதுச் சுகாதாரம்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஒத்த பிற இடங்களோடு ஒப்பிட்டபோது, பிரெஸ்டனில் மனச்சோர்வு மருந்துகளின் பாவனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தும், இடைநிலை ஊதியம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தும் இருந்ததாக அது கூறியது. இந்தத் திட்டம்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். ஆனால் கொள்வனவுக் கணக்கு என்பது அலுவலகத்து எழுதுநர் விவகாரம் மட்டுமல்ல, அது வீட்டு வாசல்வரை வரக்கூடியது என்று அது காட்டுகிறது.

பிரெஸ்டன் செய்ததில் மாயவித்தை ஒன்றும் இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் செலவுக் கணக்கை ஒன்றுக்கொன்று காட்டச் சம்மதித்தன. பெரிய ஒப்பந்தத்தைச் சின்னதாக்கின. எந்தச் சிறு நகரமும் தொடங்கக்கூடிய இடம் அதுதான்: நாம் இப்போது யாரிடம் வாங்குகிறோம் என்று ஒரு பட்டியல் எழுதுவது.